மூன்றாவதாகக் கேட்ட பேஸ்

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட சண்டையை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பேஸ் கிட்டாரில் பி பேஸ் உசத்தியா, ஜே பேஸ் உசத்தியா என்று ஆரம்பித்து, எந்தக் காலத்து மரம், எந்த ஊர்த் தயாரிப்பு, எந்தக் கம்பி என்று வளர்ந்து, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அப்புறம் உங்களில் ஒருவர், "மோகன் அண்ணன்கிட்ட கேளுங்கப்பா, அவரு காது சொன்னா சொன்னதுதான்" என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில்.

முப்பது வருடத்துக்கு மேல் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். கல்யாண மண்டபம், திருவிழா மேடை, கல்லூரி விழா, மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதிகள் என்று செங்கல்பட்டைச் சுற்றி நான் ஏறாத மேடை குறைவு. இப்போது வலது காதில் எந்நேரமும் விசில் அடித்தபடி இருக்கிறது. அதனால் நிறுத்திவிட்டேன். என் காது சொன்னதை நம்பி ஒருவர் எதை இழந்தார் என்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் என்னிடம் கேட்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் காதுக்குப் பேர் வந்ததே ஓர் அவமானத்தில்தான். வாசிக்க வந்த இரண்டாம் வருடம், மதுராந்தகத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மதியமே போய்க் காலி மண்டபத்தில் என் ஜே பேஸை வைத்துச் சத்தம் சரிபார்த்தேன். அடிநாதத்தை ஏற்றி, உச்சியை ஏற்றி, நடுவை முழுக்க இறக்கிவிட்டேன். அந்தக் காலி மண்டபத்தில் கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. சாயங்காலம் கூட்டம் நிறைந்து, கீபோர்டும் டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்ததும் என் பேஸ் காணாமல் போய்விட்டது. விரல் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம். மூன்றாவது பாட்டில் டிரம்மர் ஒரு குச்சியை என் முதுகில் எறிந்தார். இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தனியா கேட்டா எதுவோணா நல்லா இருக்கும்டா. நீ வாசிக்கிறது எனக்குக் கேக்கணும். எனக்குக் கேட்டாத்தான் கீழ ஒக்காந்துகினு கீறவன் காலு ஆடும். புரியுதா?"

அவர் அப்புறம் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு பேஸைத் தனியாகக் கேட்டு முடிவு சொல்வதை அன்றோடு விட்டேன். டிரம்ஸோடு கேட்பேன், கூட்டத்தோடு கேட்பேன், பின்வரிசையில் போய் நின்று கேட்பேன். பத்து வருடத்தில் செய்யூரிலிருந்து கோவளம் வரை யார் பேஸ் வாங்கினாலும் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள். கையில் வாங்கி நான்கு கம்பியைத் தட்டி, "இந்த இடத்துல சத்தம் செத்துப்போவுது பாரு" என்று நான் சொன்னால், எதிரில் இருப்பவர் முகம் மாறும். அந்த முகம் மாறுவது எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் சண்டைக்கு வருகிறேன். பி பேஸுக்கு, கம்பியின் அதிர்வைப் பிடித்துத் தரும் பிக்கப் ஒன்றே ஒன்றுதான், நடுவில் இரண்டு துண்டாக இருக்கும். அதன் நெக், அதாவது இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி, தடிமன். கையில் பிடித்தால் கிளை பிடித்த மாதிரி இருக்கும். சத்தம் நடுவிலிருந்து வரும். அழகாக இருக்காது, ஆனால் டிரம்ஸின் காலடியோடு, அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தத்தோடு, போய் ஒட்டிக்கொள்ளும். ஜே பேஸுக்கு இரண்டு பிக்கப். தலைப்பக்கம் நெக் ஒடுங்கி இருப்பதால் விரல் ஓடும். பின்பக்கப் பிக்கப்பின் சத்தத்தை ஏற்றினால் தொண்டையிலிருந்து உறுமும். முன்னால் நின்று பேசும் சத்தம் அது. நான் முன்னால் நிற்க ஆசைப்பட்டவன். அதனால் கடைசிவரை ஜே பேஸ்தான் வாசித்தேன்.

ஸ்டெல்லாவிடம் இருந்தது பி பேஸ்.

ஸ்டெல்லா செங்கல்பட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவருடைய அண்ணன் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தபோது, மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அந்த பேஸை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். அண்ணன் துபாய்க்குப் போகும்போது தங்கையிடம் விட்டுவிட்டுப் போனார். ஸ்டெல்லா கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசித்தார். அப்புறம் எங்கள் குழுவில் சேர்ந்தார்.

குழு என்றால் ஐந்து பேர். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதியில் சாயங்காலம் தோறும் புல்தரையில் வாசிப்போம். கீபோர்டு வாசித்தவர்தான் தலைவர். அவரை எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவோம். வாரநாட்களில் பேஸ் நான். சனி, ஞாயிறு எனக்கு வெளிக் கச்சேரி இருக்கும் என்பதால் அந்த இரண்டு நாள் ஸ்டெல்லா. ஒரே மேடை, ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே பாட்டுகள்.

கடற்காற்றில் வாசித்தவர்களுக்குத் தெரியும். கம்பி ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும், நெக் பிசுபிசுக்கும். சுவர் இல்லாத இடமாதலால் அடிநாதம் எங்கேயும் மோதித் திரும்பாமல் அப்படியே கடலுக்குப் போய்விடும். நான் புதுக் கம்பி மாற்றி மாற்றி, ஆம்பை ஏற்றி ஏற்றி அதோடு மல்லுக்கட்டினேன். ஸ்டெல்லா வைத்திருந்தது வழவழப்பான தட்டைக் கம்பி. பளபளப்பு இல்லாத, மூடிய சத்தம். போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மாற்றவே மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை, விடுதியில் பரிமாறும் பாபு மேடையோரம் வந்து நின்றான். கடப்பாக்கத்துக்காரன். வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள்.

"அண்ணாத்த, டீச்சரக்கா வாசிக்கிற அன்னிக்கு டேபிள் மேல கிளாஸ் அதிர்து. உன் நாளுல அதிரவே மாட்டேங்குதே, இன்னா மேட்டரு?"

சிரித்துக்கொண்டே எதையோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் வெளிக் கச்சேரி இல்லாததால், ஸ்டெல்லா சத்தம் சரிபார்க்கும் நேரத்தில் போய் நின்றேன். அவர் பேஸின் பெயின்ட் கைபட்டுக் கைபட்டு உரிந்து மரம் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஸ்டெல்லா, இது இன்னா, பேஸா கட்டிலா? பலகைய தட்டற மாதிரியே கீது."

குழு முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்தார். அன்றிலிருந்து அந்த பேஸுக்குக் கட்டில் என்றே பேர் வந்துவிட்டது. "டீச்சர், கட்டில எடுத்தாந்தியா?" என்று எங்கள் குழுவின் டிரம்மர் கேட்பார். நான் கொடுத்த பேர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த வருடம் லீடர் சொந்தமாக எட்டுப் பாட்டுகள் பதிவு செய்யத் தீர்மானித்தார். கேளம்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ. அதை நடத்தியவர் கார்த்தி. வாரநாட்களில் ஐடி கம்பெனி வேலை, சனி ஞாயிறு ஒலிப்பதிவு. எட்டுப் பாட்டில் பாதி நான், பாதி ஸ்டெல்லா என்று பேச்சு. கார்த்தி ஒரு யோசனை சொன்னார். எட்டுப் பாட்டுக்கும் பேஸ் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும். அதனால் ஒரு பேஸைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேரும் அதிலேயே வாசிக்கட்டும்.

மொத்தம் நான்கு பேஸ். என் ஜே, ஸ்டெல்லாவின் பி, ஸ்டுடியோவில் கிடந்த இரண்டு. அந்த இரண்டில் ஒன்று வயலின் வடிவத்தில் உள்ளே குடைந்த சின்ன பேஸ். தூக்கினால் எடையே இருக்காது, சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வந்து சீக்கிரம் அடங்கிவிடும். மற்றது பேட்டரி போட்டு வாசிக்கும் பழைய பேஸ், பெரிய பிக்கப் வைத்தது. தொட்டாலே வெடிக்கும்.

ஸ்டெல்லா கண்ணாடி அறைக்குள் போய் நான்கிலும் ஒரே வரிசையை வாசிப்பது, டிரம்ஸ் ஏற்கெனவே பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேட்பது என்று ஏற்பாடு. எது எந்த வரிசையில் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. "மோகன் காது இருக்குது, பிரச்சினை இல்ல" என்று லீடர் சொல்லி என்னை ஸ்பீக்கருக்கு நேர் நடுவில் உட்கார வைத்தார்.

முதலாவது வயலின் பேஸ். இரண்டாவது வந்ததும் என் ஜே என்று தெரிந்தது. என் குழந்தையின் குரல் எனக்குத் தெரியாதா? பளிச்சென்று இருந்தது. ஆனால் டிரம்ஸுக்கு மேலே தனியாக நின்றது.

மூன்றாவது தொடங்கி இரண்டு சுற்று போவதற்குள் என் உடம்பு நிமிர்ந்துவிட்டது. டிரம்ஸின் காலடியும் பேஸும் ஒரே ஆள் வாசிப்பது போல ஒட்டிக்கொண்டன. எந்த சுவரமும் நீட்டிக்கொண்டு தெரியவில்லை, எதுவும் தொலையவும் இல்லை. சத்தத்துக்கு ஒரு முகம் இருந்தது. இத்தனை வருடம் புதுக் கம்பியும் ஆம்புமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அந்த மூடிய சத்தத்தைக் கேட்டதும் யாருடைய பேஸ் என்றும் தெரிந்துவிட்டது. நான்காவது வெடித்து முடிந்தது. அதை நான் சரியாகக் கேட்கவே இல்லை.

"இன்னா மோகன், எது?" என்றார் லீடர்.

உங்களுக்கு இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. யோசிக்க நேரம் இல்லாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் எனக்கு வசதி. ஆனால் யோசித்தேன். மூன்றாவது என்று சொன்னால் அடுத்த நிமிடம் கதவு திறந்து ஸ்டெல்லா கட்டிலோடு வெளியே வருவார். டிரம்மர் சிரிப்பார். பாதிப் பாட்டுக்கு நான் அந்தக் கட்டிலை வாங்கி வாசிக்க வேண்டும். இதெல்லாம் மனதில் ஓடியது. ஓடி முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டாவது. மூணாவதுல உயிரே இல்ல."

லீடர் தலையாட்டினார். டிரம்மரும் "ரெண்டுதான்" என்றார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் எதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கார்த்தி மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், எனக்கு மூணாவது டிரம்ஸோட நல்லா ஒட்டிகினு இருந்த மாதிரி..."

"கம்ப்யூட்டர பாத்து சொல்றியா, காதால கேட்டு சொல்றியா?" என்றேன்.

கார்த்தி எழுந்து போய் என் ஜேவுக்கு வயரைச் சொருகினார். எட்டுப் பாட்டும் என் பேஸில் பதிவானது.

அன்று மதியம் மாடிப்படியில் டீ குடிக்கும்போது ஸ்டெல்லா பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, உயிரே இல்லன்னு மூணாவதத்தானே சொன்ன? அது என்னுது."

"ஆமா."

"அவ்ளோ மோசமாவா கீது?"

நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அதுவே நல்ல நேரம். சுற்றி யாரும் இல்லை. ஆனால் ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதற்கு ஒரு காரணமும் தயாராக வந்துவிடுகிறது.

"பேஸ் மேல தப்பு இல்ல ஸ்டெல்லா. கம்பி பழசு. நெக்கும் ரொம்பத் தடிமன். இப்போ யாரு அந்த மாதிரி வாசிக்கிறாங்க? நெக்கக் கொஞ்சம் இழைச்சி, பின்னாடி இன்னொரு பிக்கப் போட்டா சரியாயிடும்."

"நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்" என்றார்.

செங்கல்பட்டில் கிட்டார் பழுது பார்க்கும் மஸ்தான் பாயிடம் அந்த பேஸ் போனது. முதலில் மேஜை நாற்காலி செய்துகொண்டிருந்தவர். கை சுத்தமான வேலைக்காரர். ஒரு வாரம் கழித்து எனக்கு போன் செய்தார்.

"அண்ணாத்த, டீச்சரம்மா பேஸு வந்துகீது. குடைஞ்சி பிக்கப் வெக்கணும், நெக்க இழைக்கணும்னு சொல்றாங்கோ. நீ சொன்னேன்னாங்க. வாசிச்சிப் பாத்தேன், நல்லாதானே கீது? மரத்த ஒரு வாட்டி இழைச்சிட்டா திருப்பி ஒட்ட முடியாது. நீ ஒரு நட வந்து பாத்துட்டு சொல்லேன்."

நான் அப்போது பரனூர் சுங்கச்சாவடி நெரிசலில் வண்டியில் இருந்தேன். அவருடைய பட்டறை அங்கிருந்து பத்து நிமிடம்கூட இல்லை.

"அவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படியே செஞ்சிடு பாய்" என்றேன்.

இதில் பாடம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். மேடையில் நூறு முடிவு எடுக்கிறோம். தப்பான சுவரம் வாசித்தால் அடுத்த சுற்றில் சரிசெய்யலாம், சத்தம் சரியில்லை என்றால் திருகலாம். எல்லாமே திரும்பி வரும் என்ற பழக்கத்தில் நாம் வாழ்கிறோம். இழைத்த மரம் திரும்பி வராது. என்னிடம் மூன்று முறை கேட்கப்பட்டது. லீடர் கேட்டபோது நான்கு பேர் இருந்தார்கள், கௌரவம் தடுத்தது என்று சொல்லலாம். ஸ்டெல்லா கேட்டபோது யாரும் இல்லை. மஸ்தான் பாய் கேட்டபோது எதிரில் முகம்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்வது இன்னும் சுலபமாகிக்கொண்டே வந்தது. நான் இன்னும் சுலபமாகப் பொய் சொன்னேன்.

பேஸ் திரும்பி வந்தது. பின்பக்கம் புதிதாக ஒரு பள்ளம், அதில் புதுப் பிக்கப், புதுக் கம்பி. நெக் என் ஜே மாதிரியே ஒல்லி. விடுதியில் வாசித்தபோது பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான். கிளாஸ் அதிரவில்லை. ஸ்டெல்லாவின் இடது கை அந்தத் தடிமனுக்குப் பழகிய கை. கட்டைவிரல் நிற்க இடம் தேடித் தேடி நழுவியது. முன்பு பார்க்காமலே வாசித்தவர் இப்போது குனிந்து நெக்கைப் பார்த்தபடி வாசித்தார். ஐப்பசி மழை வந்ததும் நெக் வளைந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி மஸ்தான் பாய் நிமிர்த்துவார், இரண்டு வாரத்தில் மறுபடி வளையும். இழைத்து மெலிந்த மரத்துக்குத் தாங்கும் பலம் இல்லை.

"எனக்குத்தான் கை வர்ல போல" என்று ஒருநாள் டிரம்மரிடம் சொன்னாராம். டிரம்மர் அதை என்னிடம் சொன்னார். நான் குனிந்து என் பேஸுக்குச் சுருதி சேர்த்தேன்.

பொங்கலுக்குப் பிறகு ஸ்டெல்லா வரவில்லை. பள்ளியில் வேலை அதிகம் என்று லீடரிடம் சொல்லியிருந்தார். சர்ச்சிலும் வாசிப்பதை விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் விடுதியும் கை மாறி, மேடையை எடுத்துவிட்டு நீச்சல் குளம் கட்டினார்கள். குழு கலைந்தது. நான் வேறு மேடைகளுக்குப் போனேன். என்னிடம் பேஸைக் காட்ட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒன்று மட்டும் மாறியது. யார் பேஸைக் கையில் கொடுத்தாலும், நெக்கைப் பிடித்ததுமே எனக்குக் கை கூசும். "நல்லா கீது, எடுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நான் பெருந்தன்மையாகிவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த வருடம் கார்த்தி ஸ்டுடியோவை மூடினார். பழைய பதிவுகளை எல்லாம் அழிப்பதற்கு முன் வாசித்தவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த பென்டிரைவில் அந்த எட்டுப் பாட்டோடு "டெஸ்ட்" என்று தனியாக ஒரு தொகுப்பு இருந்தது. அதில் நான்கு பேஸும் இருந்தன. ஒவ்வொன்றும் நாற்பது விநாடி.

மூன்றாவதை என் இடது காதால் கேட்டேன். அன்றைக்குக் கேட்டதேதான். ஞாபகம் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கும் என்று நம்பியிருந்தேன். இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்திருக்கும் நேரம் பார்த்து செங்கல்பட்டுக்குப் போனேன். ஸ்டெல்லாவின் வீடு கொளவாய் ஏரிப் பக்கம். கதவைத் திறந்தவருக்கு முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சுற்றிவளைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஸ்டெல்லா, அன்னிக்கு கேளம்பாக்கத்துல நான் பொய் சொன்னேன். நாலுல உன் பேஸ்தான் நல்லா இருந்துச்சி. உன்னுதுன்னு தெரிஞ்சிதான் அப்படிச் சொன்னேன்."

அவர் என் கையிலிருந்த காலித் தம்ளரை வாங்கி வைத்தார்.

"நான் உள்ள ஹெட்போன் மாட்டிகினு இருந்தேன் இல்ல?" என்றார். "எனக்கும் மூணாவதுதாண்ணா புடிச்சிது. வாசிக்கறப்பவே தெரிஞ்சிது. வெளிய வந்தா நீ உயிரே இல்லன்னு சொன்னதா டிரம்மர் சொல்றாரு. அப்போ நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? எனக்குக் காதே இல்லன்னு நெனச்சேன். அது கூட தெரியாம இத்தினி வருஷம் வாசிச்சிகினு கீறமேன்னு வெக்கமா போச்சி."

பேஸ் போனதற்குத்தான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று போயிருக்கிறது என்று எனக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

"மன்னிச்சிடு" என்றேன்.

"சொல்லிட்ட இல்ல, வுடு" என்றார். மன்னித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவு இருக்கிறது என்று சொன்னேன். என் கைபேசியில் போட்டேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் டிரம்ஸ் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது, பேஸ் வரவே இல்லை. "இதுல எங்க கேக்கப் போவுது" என்று எழுந்து சாவியை எடுத்தார். அவர் சர்ச்சில் ஒலிபெருக்கிப் பொறுப்பு இப்போது அவருடையதாம். இரண்டு தெரு தள்ளி. ஆராதனை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். மின்விசிறியைக்கூடப் போடவில்லை. ஒலிபெருக்கியின் மிக்சரைப் போட்டு, நான் கொடுத்த பென்டிரைவைச் சொருகினார். கடைசி பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

முதலாவது ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது தொடங்கியதும் பெஞ்சின் மரம் லேசாக அதிர்ந்தது. ஸ்டெல்லாவின் இடது கை, முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் நகர்ந்தன. தலை குனியவில்லை. நான்காவது ஓடி முடிந்ததும் எழுந்து போய் மறுபடி முதலிலிருந்து போட்டார். மூன்றாவதை மட்டும் போடுவார் என்று நினைத்தேன். நான்கையும் போட்டார்.

முடிந்த பிறகு கேட்டார்.

"நாலும் நான் வாசிச்சதுதானே?"

"ஆமா."

"நாலுலயும் நல்லா வாசிச்சிருக்கேண்ணா."

நான் அந்த நான்கையும் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்று ஸ்டுடியோவில், பிறகு ஞாபகத்தில், இந்த வருடம் வீட்டில். எது வயலின் பேஸ், எது ஜே, எது பி, எந்தக் கம்பி, எந்த மரம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறேன். கையில் எடையே இல்லாத அந்த வயலின் பேஸிலும், தொட்டால் வெடிக்கும் அந்த பேட்டரி பேஸிலும், பழக்கமில்லாத என் ஜேவிலும் ஒரு சுவரம்கூட இடம் மாறாமல் ஒருவர் வாசித்திருக்கிறார் என்பதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் காதைத்தான் நீங்கள் சொன்னா சொன்னதுதான் என்கிறீர்கள்.

"ஆமா ஸ்டெல்லா" என்றேன். "ரொம்ப நல்லா வாசிச்சிருக்க."

அவர் பென்டிரைவைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மிக்சரை அணைத்தார்.

"இத்த அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா, நான் பேஸ இழைக்கக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.